நான் படிக்காமல் விட்ட இரண்டாவது வரி

அண்ணே,

நேற்று சாயங்காலம் என் மகன் வேலை முடிந்து வந்து, பையை நாற்காலியில் போட்டுவிட்டு, "எக்ஸ்ரே கிளியர்மா. ஒண்ணும் இல்லையாம்" என்றான். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்திதான். ஒரு மாதமாக அவன் காலையில் இருமுகிற இருமலைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வேறொருத்தியாக இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாமிக்குச் சூடம் கொளுத்தியிருப்பாள். நானோ அவன் கை போகும் இடத்தைப் பார்த்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனான். சமையலறை ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. உன் காக்கிச் சட்டையின் வாடை. புளியில் கையை வைத்தபடியே நின்றுவிட்டேன்.

பிறகு, மேசையில் அவன் விட்டுப்போன காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்த வரிகளுக்குக் கீழே டாக்டர் பேனாவால் எழுதியிருந்தார்: வெள்ளிக்கிழமை காலை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு வர வேண்டும், புகைப்பதை நிறுத்த வேண்டும். இதை அவன் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது சும்மா எழுதுறதும்மா. எக்ஸ்ரேதான் முக்கியம். அதுதான் கிளியர் ஆச்சே" என்றான். நாற்பது வயதுக்காரன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும்?

இதே பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், அண்ணே. அன்று பேசியது நீ. உன்னை அப்படிப் பேச வைத்தவள் நான். நீ போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. நீ இருக்கும்போது நடந்ததில் பாதியைத்தான் உன்னிடம் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன். எழுதி எங்கே அனுப்பப் போகிறாய் என்று சிரிக்காதே. எழுதாவிட்டால் இன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

மலாக்காவில், காஜா பெராங்கில் நாம் குடியிருந்த வீடு உனக்கு மறந்திருக்காது. செட்டிகள் குடியிருக்கும் கம்போங்குக்குள் திரும்பும் வழியில், பாதி வீடு நமக்கு, பாதி வீட்டுக்கார அம்மாளுக்கு. மலாக்காச் செட்டிக் குடும்பம், அந்த அம்மாளை மலாயில் அம்மா என்கிற மாதிரி 'மக்' என்றுதான் கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். மாரியம்மனிடம்கூட மலாயில்தான் வேண்டிக்கொள்வார். ஜப்பான்காரன் ரயில் பாதை போடக் கூட்டிப்போன அப்பா சயாமிலிருந்து திரும்பவில்லை, அம்மா அடுத்த வருடமே காய்ச்சலில் போனாள். உனக்கும் எனக்கும் பதினேழு வயது வித்தியாசம். பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டே என்னைக் கான்வெண்டில் கடைசி வகுப்புவரை படிக்க வைத்தாய். "எனக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. நீ எனக்கும் சேர்த்துப் படி" என்பாய். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் எனக்காக வைத்திருப்பாய். நான் படித்துச் சொன்னால் உனக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

உனக்குத் தம்பின் ஊருக்குப் போகும் பஸ். காலையில் மலாக்காவிலிருந்து புறப்பட்டுத் தம்பின் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி. வண்டி நிரம்பும்வரை ஒரு சிகரெட், அந்த ஊரில் இறங்கியதும் ஒன்று, இங்கே வந்து இறங்கியதும் ஒன்று. டிரைவருக்குக் கடிகாரமே வேண்டாம், நீ பற்றவைப்பதைப் பார்த்து வண்டியைக் கிளப்பிவிடுவார் என்று கேலி செய்வேன். ஜப்பான்காரன் காலத்தில் பசிக்குப் பழகியது என்பாய். பசி போய்விட்டது, இது மட்டும் தங்கிவிட்டது. ஆனால் அந்த நாளில் உன்னைப் பார்த்து யார் நோயாளி என்று சொல்லியிருப்பார்கள்? பஸ்ஸின் பின்புறத்து இரும்பு ஏணியில் ஒரு கையில் கோழிக்கூடையோடு ஏறி, கூரைமேல் வைத்துக் கட்டிவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு குதித்து இறங்குவாய். காஜா பெராங் முனையில் நீ போடும் குரல் வீட்டுக்குள் இருக்கிற எனக்குக் கேட்கும். கேட்டதும் உலை வைப்பேன்.

இருமல் முதலில் காலையில் மட்டும்தான். முகம் கழுவும்போது நாலு தடவை, அவ்வளவுதான். எல்லா ஆம்பிளைகளுக்கும் இருக்கிறதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு சாப்பாட்டுக்கு நடுவில் வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்குத் தேதி சொன்ன அன்று, தம்பினிலிருந்து வந்த உன் வண்டியில் கூரைமேல்கூட ஆட்கள். நீ படியில் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறாய். வீட்டுக்கு வந்ததும் சந்தோஷமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தாய், சொல்ல முடியவில்லை. குளியலறை வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாய். மக் தன் பக்கத்துக் கதவில் வந்து நின்று, "பத்துக், பத்துக் சாஜா" என்றார். இருமல், எந்நேரமும் இருமல் என்று. மறுநாள் அவர் வீட்டில் உனக்குக் காப்பி வந்தபோது, விளிம்பு உடைந்த ஒரு தனிக் கண்ணாடிக் குவளையில் வந்தது.

அந்தக் குவளைக்கு என்ன அர்த்தம் என்று நம் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். சயரோகம். அந்தக் காலத்தில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் அது இருக்கிறதென்று தெரிந்தபோது, காய்கறிக்காரன்கூட அந்த வாசலில் வண்டியை நிறுத்தவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் பத்தே நாளில் நின்றது. அதனால் நானும் உன் தட்டைத் தனியாக வைக்க ஆரம்பித்தேன். நீ கவனித்தாய். தட்டை நீயே கழுவி, நீயே தனியாகக் கவிழ்த்து வைத்தாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. மாப்பிள்ளை புக்கிட் காதில் ஊர்ப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவரைக் கோயில் திருவிழாவில் இரண்டு தடவை பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. "எனக்கென்ன தெரியும், நீ பார்த்து முடி" என்று குனிந்துகொண்டு சொன்னேனே, அது நடிப்பு. அவர் அம்மாவின் காதுக்கு உன் இருமல் போய்விட்டது. பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஊர், காதுக்குப் போகாமல் எங்கே போகும்? கம்பெனியிலும், எக்ஸ்ரே எடுத்துச் சீட்டு கொண்டுவந்தால்தான் வண்டியில் ஏறலாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தாய். பதில் வரும் நாளில் தாங்களும் வருவதாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் சொல்லி அனுப்பினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள். என் மாமியார் எக்ஸ்ரே பார்த்து நாள் குறித்தவர்.

அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் நம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் தோட்டத்தில் கங்காணி, பெரிய மீசை, நல்ல மனுஷன். நான் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய், காரணமே இல்லாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். செருப்பைக் கழற்றும்போதும் உறையைக் கையிலிருந்து விடவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று தாய்மாமன் கேட்டார்.

"ஒரே கூட்டம். பேரைக் கூப்பிட்டு உறையைக் கொடுத்துட்டாங்க. தங்கச்சி படிச்சுச் சொல்லும்" என்றாய்.

உறையை என்னிடம் நீட்டியபோது உன் விரலைப் பார்த்தேன். சிகரெட் பிடித்துப் பிடித்து மஞ்சளாகிப்போன அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. வழியில் பிரித்து யாரிடமாவது காட்டியிருக்கலாம். ஆபீஸில் எழுதுகிற ஒரு கிராணியிடம் நீட்டியிருந்தால்கூடப் போதும். நீ அப்படிச் செய்யவில்லை. நல்லதோ கெட்டதோ என் வாயால் கேட்கவேண்டும் என்று கொண்டுவந்திருந்தாய்.

இரண்டே வரிகள் டைப் அடித்திருந்தது. முதல் வரி: காசநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. "சயரோகம் இல்லை" என்று நான் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கையை வைத்து முருகா என்றார். கதவுப் பக்கம் நின்ற மக்குக்கும் "தடா மக், தடா" என்று இல்லை என்பதைக் கையாட்டிச் சொன்னாய். உன் முகம் அப்படி விரிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் என் கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. மூச்சுக்குழாய்களில் நாட்பட்ட அழற்சி, நுரையீரல் பாதிக்கப்படும் அபாயம் உள்ளது, புகைப்பதை உடனே நிறுத்தவும், ஒரு மாதத்தில் மீண்டும் வந்து காட்டவும். இவ்வளவுதான் அந்த இரண்டாவது வரி.

"அவ்வளவுதானா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"அவ்வளவுதாங்க" என்றேன். காகிதத்தை மடித்தேன்.

இதில் எதை உன்னிடம் மறைத்தேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். நடந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். அன்று அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சு முடிந்ததும் தட்டு வைக்க வேண்டுமே. அப்போதெல்லாம் வெற்றிலைத் தட்டில் பாக்குக்குப் பக்கத்தில் சிகரெட் டின் வைப்பதுதான் மரியாதை. அந்த வட்ட டின்னை நீ ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிப் பெட்டிக்கடியில் வைத்திருந்தாய். வீட்டுக்காரர் முதலில் ஒன்றை எடுத்து, வந்தவருக்கு நெருப்புக் காட்டினால்தான் சம்பந்தம் கைகூடியது என்று பொருள். வீட்டில் வேறு பெண் கிடையாது, தட்டை நான்தான் எடுத்து வர வேண்டும். டின்னின் மூடியைக் கீறித் திறந்தபோது உஸ்ஸென்று காற்று போனது. நான் அதை வெற்றிலைக்கு நடுவில் வைத்து, தூக்கிக்கொண்டு வந்து, உன் முன்னால் குனிந்தேன்.

நீ தயங்கினாய். "பெரியவங்க முன்னாடி நான் எப்படிங்க" என்றாய். ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. தாய்மாமன் விடவில்லை. "சம்பந்தி எடுக்காம நான் எப்படி எடுக்கிறது? சயரோகம் இல்லேன்னு எழுதியே கொடுத்துட்டான் வெள்ளைக்காரன். எடுங்க" என்றார். நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தாய். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுக்காதே அண்ணே என்ற இரண்டு வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர்கள் போன பிறகு நீ மக் வீட்டுக்குப் போய், உடைந்த குவளையை அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டுவிட்டு வந்தாய். மக் சிரித்துச் சிரித்து அழுதார். உன் தட்டை என் தட்டோடு சேர்த்துக் கழுவி அடுக்கினாய். எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் உறையோடு காகிதத்தை அடுப்பில் போட்டேன். கம்பெனிக்குத் தனிச் சீட்டு வந்துவிட்டதால் யாரும் அதைத் தேடவில்லை.

அந்த ஒரு மாதத்தையும் நாளெண்ணிக் கழித்தேன். காலண்டரில் அந்தத் தேதி வரும் நாளில், இட்லி வைத்துக்கொண்டே, "சிகரெட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோயேன் அண்ணே" என்றேன். அவ்வளவுதான் என் தைரியம்.

"எதுக்கு? டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு. நீதானே படிச்சே" என்றாய்.

நான் சட்டினி போட்டேன்.

கல்யாணம் நடந்தது. நான் இந்தப் புக்கிட் பாரு வீட்டுக்கு வந்துவிட்டேன். சொன்னால் இப்போது மட்டும் என்ன கெட்டுப்போகும் என்று நினைப்பேன். உடனே மாமியார் முகம் கண்முன் வரும். ஏமாற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று உன்னைத்தானே பேசுவார்கள் என்று ஒரு சாக்குக் கிடைக்கும். சாக்கு தேடுகிறவளுக்குப் பஞ்சமா?

சுதந்திர நாளன்று காலையில் உன்னைப் பார்க்க பஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். வயிற்றில் இவன் இருந்தான். எல்லா வண்டிகளுக்கும் கொடியும் காகிதத் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ கொடியைப் பல்லில் கவ்விக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறினாய். மூன்றாவது படியில் நின்றுவிட்டாய். யாரோ கீழேயிருந்து ஏறு ஏறு என்றார்கள். நீ இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் மேலும் கீழும் போக, நெற்றியைப் படியில் வைத்தாய். பிறகு இறங்கி, என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "ராத்திரி தூக்கம் இல்லே. ஒரு தம் போட்டுட்டு ஏறுறேன்" என்றாய். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும் கையில் ஒரு சின்னக் கொடியை வைத்துக்கொண்டு நின்றேன். நீ மறுபடி ஏறவில்லை. கொடியை டிரைவர் கட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கூரைமேல் ஏறுவதை விட்டாய். அப்புறம் குரல் போயிற்று, காஜா பெராங் முனையில் நீ விசில்தான் ஊதுகிறாய் என்று மக் வந்து சொன்னார். சில வருடத்தில் உன்னை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். "எனக்குக் கல்யாணமா? பொண்ணு பார்க்கப் போற வீட்டுல மாடிப்படி இருந்தா என்ன பண்றது?" என்று நீயே கிண்டல் செய்வாய். மழைக்காலம் வந்தால் சளி கட்டிக்கொண்டு காய்ச்சலில் விழுவாய். ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்துதான் எழுந்திருந்தாய். கடைசியில், வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினாய்.

இங்கே வந்த பிறகு உன்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளம் வயது, பொறுமையாகத் தமிழில் சொன்னார். "மூச்சுக்குழாய்க்குள்ளே மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா. புகை பட்டுப் பட்டு அது புண்ணாகி வீங்குது. வீங்க வீங்க வழி குறுகிப்போகுது. உள்ளே இருக்கிற காத்துப் பையெல்லாம் கிழிஞ்சு போகுது. புகையை விட்டா வீக்கம் கொஞ்சமாவது ஆறும். இவரு ஆற விடவே இல்லே" என்றார்.

"இப்ப விட்டா?"

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

நீ வெளியே போய் உட்கார்ந்த பிறகு நான் மட்டும் திரும்பிப் போய், "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே விட்டிருந்தா எப்படி இருந்திருப்பாரு?" என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் விட்டவர்கள் நன்றாக நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன் என்றார். எந்தப் பக்கமும் சாய முடியாத பதில். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் புரண்டு படுக்கிறேன். நீயோ அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாய். அப்புறம் ஒன்றுகூடத் தொடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் குடித்தவன், ஒரு டாக்டர் நேரில் சொன்னார் என்பதற்காக ஒரே நாளில் விட்டாய். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம். நீ மேசையில் தலையணையைப் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தாய். நான் எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உன் மூச்சை எண்ணுவது எனக்கு வழக்கமாகிப் போயிருந்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து வந்துவிட்டது. "அண்ணே, அன்னைக்கு அந்தக் கடுதாசியில ரெண்டாவது வரி ஒண்ணு இருந்துச்சு. சிகரெட்டை விடணும், மறுபடி வந்து காட்டணும்னு. எனக்கு அப்ப சரியா விளங்கலே, அதான் படிக்கலே."

நீ பேசுவதற்கு மூச்சு சேர வேண்டும். "எப்ப... வரச் சொல்லியிருந்தாரு?"

"ஒரு மாசத்துல."

நீ ஜன்னலைப் பார்த்தாய். கோபமில்லை. கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது முகம்.

"போயிருப்பேன்" என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்து, காப்பி இருக்கா என்று கேட்டாய். போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ போகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். நாலு நாள் பேசாமல் இருந்திருக்கலாம். எதுவும் செய்யாமல், எப்போதும்போலச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று மட்டும் குறை சொன்னாய்.

இப்போது மீதிப் பாதி. எனக்கு விளங்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அந்த இங்கிலீஷ் வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். கான்வெண்டில் சுகாதாரப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன்: அழற்சி கண்ட இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். உனக்கு வலிக்கவில்லையே என்று அந்தக் கணத்தில் யோசித்ததுகூட நினைவிருக்கிறது. நெஞ்சு, நுரையீரல் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் அந்த அம்மாள் எழுந்துவிடுவார் என்று தெரிந்தது. அவர் எழுந்தால் வாத்தியார் எனக்கு இல்லை. முழுதாகப் புரிந்துகொண்டுதான் காகிதத்தை மடித்தேன், அண்ணே. புரிந்துகொண்டுதான் தட்டைத் தூக்கி வந்து உனக்கு நீட்டினேன். அவரோடு நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன். அவருக்கும் இதைச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

இன்று காலையில் இவன் வேலைக்குக் கிளம்பித் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, அவன் காகிதத்தை முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரேயை, தாய்மாமனை, தட்டை, உன்னிடம் சொன்ன பொய்யை. இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் குடிக்கவில்லை, தேநீர் ஆடை கட்டிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச மாமா உட்கார்ந்தே இருப்பாரு" என்றான். "பஸ்ஸுக் கூரைமேல ஏறுவாரா?"

"கோழிக்கூடையோட."

ஆடை கட்டிய தேநீரைத் தள்ளி வைத்தான். "நீங்க அதைப் படிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்மா?"

"உங்க பாட்டி எழுந்து போயிருப்பாங்க. உங்க அப்பாவைக் கட்டியிருக்கமாட்டேன்."

"அப்ப நான்?"

"நீ இல்லே" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று தெரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "உன்னைக் குத்திக்காட்டச் சொல்லலேப்பா. நான் ஆசைப்பட்டேன், மாமா மூச்சு போச்சு, நீ வந்தே. அது உன் தப்பு இல்லே. ஆனா உன் நெஞ்சுல ஓடுற காத்துல மாமாவோடதும் இருக்கு. அதை இப்படி ஊதித் தள்ளுறதை என்னால பார்க்க முடியலே."

அவனுக்குக் கோபமா, வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதிலும் அவன் உன்னைப்போலத்தான். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அதே பையில் சிகரெட் பெட்டியும் இருந்தது. வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது இருமினான். வண்டி கிளம்பி முனை திரும்பும்வரை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவன் போவானா என்று எனக்குத் தெரியாது, அண்ணே. நீ போயிருப்பாய்.